கார் டயர் மாற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டால் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: மழை பெய்து நனைந்த சாலையில், முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், உங்கள் வண்டியும் நிற்க வேண்டும். டயர் வாங்கும்போது விலை, பெயர், அழகு எல்லாம் அதற்கு அப்புறம்.

டயர்ல இன்னும் பட்டன் இருக்கே, எப்போதான் மாத்தணும்?

டயரின் தோள்பகுதியில், அதாவது தரையைத் தொடும் ஓடுதளமும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. (தேய்மான அடையாளம்) என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக உள்ளே இருக்கும் பெரிய பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். சுற்றியிருக்கும் பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே மேடாக நிற்கும் ரப்பர், தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பல நாடுகளில் சட்டப்படியான எல்லையும் அதுதான்.

ஆனால் அந்த எல்லை வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். தரையில் தேங்கும் தண்ணீரை அள்ளி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் ஈரத்தில் பிடிமானம் வேகமாகக் குறைகிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் டயர் அதன் மேல் மிதக்க ஆரம்பித்தால் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றத் திட்டமிடுங்கள். மழைக்காலம் நெருங்குகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

வண்டி அதிகம் ஓடல, பட்டன் புதுசு மாதிரியே இருக்கு. ஆனா டயருக்கு ஏழு வருஷம் ஆச்சு. ஓட்டலாமா?

ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் பட்டு, நின்ற இடத்திலேயே அது இறுகிப்போகும். இறுகிய ரப்பர் தரையைப் பிடிக்காது. பக்கச்சுவரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். தலைமுடி போல மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தால் அது முதுமையின் அடையாளம்.

தயாரிப்பாளர்கள் பலரும் சொல்வது இது: ஐந்து ஆண்டு ஆனபிறகு வருடம் ஒருமுறை கழற்றிப் பரிசோதிக்க வேண்டும், பத்து ஆண்டு ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. வெப்பமான ஊரில், வெயிலில் நிற்கும் வண்டி என்றால் நான் அந்த ஆறையே எடுத்துக்கொள்வேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். ஒருநாளும் ஓடாத ஸ்டெப்னியை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

டயருக்கு எத்தனை வயசுன்னு எங்க பார்க்கிறது?

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் ஒரு நீண்ட குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரிப்புத் தேதி. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்பக்கம் இல்லையென்றால் உட்பக்கம் டார்ச் அடித்துத் தேடுங்கள். நான்குக்குப் பதில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர். அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, கழற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போதும் இதைப் பார்த்தே வாங்குங்கள். நிழலில் ஒழுங்காக வைத்திருந்த டயர் சில மாதம் பழையதாக இருந்தால் குறையில்லை. இரண்டு வருடம் கிடங்கில் கிடந்ததைப் புதிய டயர் விலைக்குத் தந்தால் வேறு எடுத்துக் கொடுங்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

பக்கத்துல 195/65 ஆர்15 91வி-ன்னு போட்டிருக்கு. இதுல எதை அப்படியே எடுத்துக்கணும்?

எல்லாவற்றையும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டரில் அல்ல. அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று பொருள். வி என்பது வேகக் குறியீடு, மணிக்கு 240 கிலோமீட்டர் வரை.

ஒரு எச்சரிக்கை: இப்போது வண்டியில் இருப்பதுதான் சரியான அளவு என்று நினைக்க வேண்டாம். முன்பு ஓட்டியவர் மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருப்பார்கள். அதிலும் காரோடு வந்த கையேட்டிலும் உள்ள அளவுதான் முடிவானது. முன்னுக்கு ஓர் அளவும் பின்னுக்கு வேறு அளவும் கொண்ட கார்களும் இருக்கின்றன. அப்படியென்றால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் 100க்கு மேல போறதே இல்ல. வேகக் குறியீடு குறைஞ்சதை வாங்கினா என்ன?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எழுத்து சொல்வது வேகத்தை மட்டுமல்ல. டி என்றால் 190, எச் என்றால் 210, வி என்றால் 240. மேலே போகப் போக, டயர் தனக்குள் உண்டாகும் வெப்பத்தைத் தாங்கும் விதமும் மாறும், உள்கட்டமைப்பும் மாறும். கார் திரும்பும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்தக் கட்டமைப்பை மனதில் வைத்துத்தான் வடிவமைத்திருப்பார்கள். ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகாதீர்கள், மேலே போகலாம். குளிர்கால டயர்களுக்கு மட்டும் சில நாடுகள் விதிவிலக்கு தருகின்றன.

எடைக் குறியீட்டில் விதிவிலக்கே கிடையாது. ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், மதிய வெயில், நீண்ட சாலை என்ற நாளில்தான் அந்த எண் உண்மையிலேயே சோதிக்கப்படும். எக்ஸ்.எல். என்று போட்டிருந்தால் அது கூடுதல் எடை தாங்கும் வகை. உங்கள் கார் அதைக் கேட்கிறது என்றால் சாதாரண வகையைப் போடக் கூடாது.

ஒரு சைஸ் அகலமா போட்டா கிரிப் நல்லா இருக்கும்ங்கிறாங்களே?

195/65 ஆர்15 டயரின் மொத்த உயரத்தைக் கணக்குப் போடுவோம். பக்கச்சுவர் 126.75 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு சேர்ந்து 253.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381. மொத்தம் 634.5 மில்லிமீட்டர். இதற்குப் பதில் 205/65 ஆர்15 போட்டால் 647.5 ஆகிவிடும். அகலத்தை மட்டும் கூட்டியதாக நினைத்தோம், உயரமும் இரண்டு சதவீதம் ஏறிவிட்டது. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதை விடக் குறைத்துக் காட்டும். சக்கர வளைவில் உரசவும் வாய்ப்பு உண்டு.

கிரிப் விஷயமும் முழு உண்மை இல்லை. காய்ந்த தரையில் அகலம் கொஞ்சம் உதவலாம். தண்ணீர் தேங்கிய சாலையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருப்பதால் மிதப்பது சீக்கிரம் நடக்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். நல்ல ரப்பர் கலவை கொண்ட, சரியான அளவு டயர் தரும் பிடிமானத்தை, தரம் சுமாரான அகல டயரிடம் எதிர்பார்க்க முடியாது.

அப்போ பெரிய அலாய் ரிம் போடவே கூடாதா?

போடலாம், மேலே போட்ட கணக்கு சரியாக வந்தால். 205/55 ஆர்16 எடுத்தால் மொத்த உயரம் 631.9 மில்லிமீட்டர். பழையதோடு வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ரிம் பெரிதானபோது பக்கச்சுவர் குட்டையாகி உயரத்தைச் சமன் செய்துவிட்டது. உங்கள் கார் மாடலின் உயர்ரக வகைக்கு நிறுவனமே அந்த அளவைக் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

பக்கச்சுவர் குட்டையானால் குழியில் விழும்போது ரிம் அடிபடும், டயர் பக்கவாட்டில் வீங்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டம் அதிகம். சாலை மோசமான பகுதியில் ஓட்டுகிறீர்கள் என்றால் என் ஓட்டு பழைய அளவுக்கே.

எந்த பிராண்டு நல்லது? ஒரே பேர் சொல்லுங்க, போதும்.

ஒரு பெயர் சொல்வது எளிது, ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஒரே நிறுவனம் அதிக நாள் உழைக்கும் டயரும் செய்யும், சத்தம் குறைந்ததும் செய்யும், வேகப் பிரியர்களுக்கானதும் செய்யும். ஆகவே நிறுவனத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் மாடலைப் பாருங்கள். சுயேச்சையான கார் இதழ்களும் வாகன ஓட்டிகள் சங்கங்களும் டயர்களை ஒன்றோடொன்று வைத்துச் சோதித்து வெளியிடுகின்றன. அதில் ஈரத் தரை பிரேக்கிங் என்ற பத்தியை முதலில் படியுங்கள்.

சில கார்களோடு வரும் டயரில் தனிக் குறி இருக்கும்: பி.எம்.டபிள்யூ.வுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்.ஓ., ஆடிக்கு ஏ.ஓ. அந்தக் காருக்கென்றே சரிசெய்த டயர் என்று அர்த்தம். கிடைத்தால் அதையே போடுவது நல்லது. மற்ற கார்களுக்கு, பழைய டயரில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று யோசித்துவிட்டுப் போங்கள். சத்தமா, சீக்கிரம் தேய்ந்ததா, மழையில் வழுக்கியதா? அதைச் சொன்னால் கடைக்காரரும் சரியானதை எடுத்துக் காட்டுவார்.

லேபிள்ல ஏ, பி, சி-ன்னு இருக்கு, இன்னொன்னுல ட்ரெட்வேர் 400-ன்னு இருக்கு. எதை நம்புறது?

இரண்டும் வேறு வேறு முறைகள். ஐரோப்பிய லேபிளில் 2021 மே மாதத்திலிருந்து எரிபொருள் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் ஏ முதல் இ வரை தரம் கொடுக்கிறார்கள். வெளியே கேட்கும் சத்தத்தை டெசிபலில் போடுகிறார்கள். ஈரப் பிடிமானத்தில் ஒரு படி இறங்கினால் வண்டி சில மீட்டர் தள்ளி நிற்கும். அந்தச் சில மீட்டரில் முன்னால் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்து வாங்குங்கள்.

ட்ரெட்வேர், அதாவது தேய்மான எண், அமெரிக்க முறை. 100 என்பது அடிப்படை டயர்; 400 என்றால் சோதனைப் பாதையில் அதைவிட நான்கு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று கணக்கு. எண்ணைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரே. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட இது பயன்படும். இரு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது. கூடவே வரும் ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிமானத் தரம் ஈரத்தில் நேராக பிரேக் அடிப்பதை மட்டுமே சொல்கிறது, வளைவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

மைலேஜும் வேணும், ரொம்ப நாளும் உழைக்கணும், கிரிப்பும் வேணும். அப்படி டயர் இருக்கா?

மூன்றும் முழுதாக ஒன்றில் கிடைக்காது. மிருதுவான ரப்பர் தரையை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். சிலிக்கா கலந்த கலவைகள் வந்தபிறகு இந்த இழுபறி நிறையக் குறைந்திருக்கிறது. நல்ல டயருக்கு அதிக விலை கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஈரப் பிடிமானத்தில் ஏ அல்லது பி உள்ளவற்றை முதலில் தனியாகப் பிரித்து எடுங்கள். அவற்றுக்குள் ஆயுளையும் மைலேஜையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ரெண்டு டயர் மட்டும் மாத்த பட்ஜெட் இருக்கு. முன் வீல் டிரைவ் வண்டி, புதுசை முன்னாடிதானே போடணும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் புது ஜோடியைப் பின்னால்தான் போட வேண்டும். முன் சக்கரம் இழுக்கிற வண்டியோ பின் சக்கரம் தள்ளுகிற வண்டியோ, பெரிய டயர் நிறுவனங்கள் சொல்வது இதுவே.

காரணம் இதுதான். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது உடனே தெரியும்; ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர் பிடி விட்டால் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு போய் முழு வண்டியும் சுழலும். சாதாரணமாக ஓட்டுகிறவரால் அதை மீட்பது மிகக் கடினம். அதனால் நல்ல ஜோடி எப்போதும் பின்னால். முன்னால் போகும் பழைய ஜோடிக்கும் பட்டன் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு வந்தால் நான்கும் ஒன்றாகவே தேயும், இந்தக் கேள்வியே எழாது.

ஒரே ஒரு டயர் பக்கவாட்டில கிழிஞ்சிருச்சு. அதை மட்டும் மாத்தலாமா, இல்ல ஒட்டிக்கலாமா?

பக்கச்சுவரை ஒட்ட முடியாது. நடுப் பகுதியில் சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையைத்தான், அதுவும் டயரைக் கழற்றி உட்பக்கமாகச் சரியாக அடைக்கலாம். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிற இடம், ஒட்டு அங்கே நிற்காது.

மற்ற டயர்கள் அண்மையில் போட்டவை என்றால் அதே அளவில், அதே மாடலில் ஒன்று வாங்கிப் போடலாம். பாதி தேய்ந்துவிட்டன என்றால் ஜோடியாக மாற்றி, முந்தைய பதிலில் சொன்னபடி பின்னால் போடுங்கள். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் இன்னும் கவனம் தேவை. ஒரு டயர் மட்டும் உயரம் கூடினால் எல்லாச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வித்தியாசத்தை, எஞ்சின் விசையைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் டிஃபரென்ஷியலும் ஓயாமல் சுமக்கும். எவ்வளவு வித்தியாசம் வரை சரி என்று கையேட்டில் போட்டிருப்பார்கள்.

பழைய டயர் ஒரு பக்கமா மட்டும் தேஞ்சிருக்கு. புதுசு போட்டா சரியாயிடும்ல?

ஆகாது. புதியதும் அப்படியே தேயும். பழைய டயரைக் கழற்றியதும் தூக்கிப்போடச் சொல்லாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் விளிம்புகள் கையைக் கீறுவது போலவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட்தான், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை சொல்லிவிடும். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரைக் காட்டுங்கள்.

அதைச் சரிசெய்துவிட்டுப் புது டயரைப் போடுங்கள்.

பனி பெய்யற இடத்துக்கு ஆல் சீசன் போதுமா?

வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால ரப்பர் அப்போதும் மிருதுவாக இருக்கும். வருடத்தில் பல வாரம் பனி மூடும் இடம் என்றால் தனிக் குளிர்கால டயர்தான் சரி. எப்போதாவது லேசாகப் பெய்யும் இடம் என்றால் எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன் டயர் போதும், ஆனால் பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிச்சில்லும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம். எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்துகள் மட்டும் போதாது. அதைத் தயாரிப்பாளர் சோதனை இல்லாமலே போட்டுக்கொள்ளலாம். பனியே பார்க்காத ஊரில் குளிர்கால டயர் வேண்டாம், வெப்பத்தில் சீக்கிரம் கரைந்துவிடும்.

வண்டியோட ரன்ஃப்ளாட் வந்துச்சு, முரடா இருக்கு. சாதாரண டயர் போடலாமா?

ரன்ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் தடிமனானது. காற்று முழுக்கப் போனாலும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் 80 கிலோமீட்டர் தூரம் வரை ஓட்டிப் போகலாம். முரட்டுத்தனம் அந்தத் தடிமனால் வருவது. சாதாரண டயருக்கு மாறலாம், ஆனால் இத்தகைய கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. ஆளில்லாத சாலையில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு மாறுங்கள். மாறினால் நான்கையும் மாற்றுங்கள், கலந்து போடாதீர்கள். எதிர்த்திசையில், சாதாரணத்திலிருந்து ரன்ஃப்ளாட்டுக்குப் போகிறவர்கள் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பு இல்லாத வண்டியில் போடக் கூடாது. காற்று போனதே தெரியாமல் ஓட்டிவிடுவீர்கள்.

எலெக்ட்ரிக் காருக்குத் தனி டயர்தான் போடணுமா?

பேட்டரியால் வண்டியின் எடை கூடுதல், அதனால் எடைக் குறியீடு இங்கே இன்னும் முக்கியம். எச்.எல். என்று தொடங்கும் அளவைக் கேட்கும் கார்கள் உண்டு, அது எக்ஸ்.எல்.லையும் விட அதிகம் தாங்கும். அளவும் எடையும் வேகமும் பொருந்தினால் பெயரில் எலெக்ட்ரிக் என்று இல்லாத டயரையும் போடலாம். வண்டி ஒருமுறை சார்ஜில் போகும் தூரம் கொஞ்சம் குறையலாம், எஞ்சின் இரைச்சல் இல்லாததால் டயர் சத்தமும் காதில் விழும்.

செகண்ட் ஹேண்ட் டயர் பாதி விலைக்குக் கிடைக்குதே?

அதன் உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. காற்றில்லாமல் ஓட்டியதா, குழியில் அடிபட்டு உள்ளே இழை அறுந்ததா, எத்தனை ஒட்டு? பட்டனும் பாதிதான் மிச்சம் இருக்கும், அதாவது ஆயுளிலும் பாதிதான் வாங்குகிறீர்கள். பணம் நெருக்கடி என்றால் புதிதாகவே விலை குறைந்த மாடலில், ஈரப் பிடிமானம் நன்றாக உள்ளதைத் தேடுங்கள்.

கடையில மாட்டும்போது பக்கத்துல நின்னு எதைக் கவனிக்கணும்?

நான்கு டயரின் அளவையும் தேதியையும் மாட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சில டயர்களில் அம்புக்குறி இருக்கும், வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். சிலவற்றில் வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வெளியேதான் தெரிய வேண்டும். டியூப்லெஸ் டயருக்கு ரப்பர் வால்வையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையை எல்லாப் பக்கமும் சமமாக்குவது, கட்டாயம். அலைன்மென்ட்டையும் அன்றே பார்த்துவிடுவது நல்லது. வீல் நட்டைக் கடைசியில் டார்க் ரெஞ்சால், அதாவது இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவியால், முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

டயர்லயே அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ.-ன்னு போட்டிருக்கு. அவ்வளவு காத்து அடிக்கணுமா?

வேண்டவே வேண்டாம். பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்தத்தை அளக்கும் அலகு; 51 என்பது டயர் தாங்கும் எல்லை. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கதவு ஸ்டிக்கரில் இருக்கிறது, ஆளும் சாமானும் நிறைய இருந்தால் எவ்வளவு என்பதும் அங்கேயே இருக்கும். குளிர்ந்த டயரில், அதாவது மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் அளக்க வேண்டும். வெப்பநிலை 5, 6 டிகிரி மாறினால் அழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. மாறும், அதனால் மாதம் ஒருமுறை பாருங்கள். நைட்ரஜன் அடிக்கச் சொன்னால் அடிக்கலாம், தவறில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரணக் காற்றை ஒழுங்காகப் பார்த்து அடித்தாலே போதும்.

புது டயர் போட்டதிலிருந்து வழுக்குற மாதிரி இருக்கு, கொஞ்சம் ஒரு பக்கமும் இழுக்குது. டயர் மோசமா?

வழுக்குவது முதல் சில நாளுக்கு எதிர்பார்க்கக்கூடியது. அச்சிலிருந்து எடுக்க வசதியாகத் தடவிய பொருளின் மிச்சம் மேற்பரப்பில் இருக்கும்; முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் அது தேய்ந்து போய்விடும். அதுவரை முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இழுப்பது வேறு விஷயம். முதலில் நான்கிலும் காற்று சமமா என்று பாருங்கள். சமம் என்றால் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டச் சொல்லுங்கள், அம்புக்குறி டயராக இல்லாத பட்சத்தில். இழுக்கும் பக்கமும் கூடவே மாறினால் குறை டயரில், வாங்கிய கடையிலேயே மாற்றிக் கேட்கலாம். பக்கம் மாறாமல் அப்படியே இழுத்தால் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.